கவுன்சிலராகத் தொழில் தொடங்குகிறீர்களா? அறை பிடிக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

திருச்சி தில்லைநகரில் நான் போர்டு மாட்டிய முதல் வாரத்தில் என்னைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு நாலு நாளாகிறது என்று சொல்ல வந்தவர். மற்ற இருவரும் கணவன் மனைவி. மகனுடைய கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர், கவுன்சிலிங் என்றால் பொறியியல் சேர்க்கை. போர்டில் வெறுமனே ‘கவுன்சிலர்’ என்று எழுதி வைத்தது நான்தான்.

எம்.எஸ்ஸி. உளவியலோ எம்.எஸ்.டபிள்யூவோ முடித்து, இனி சொந்தமாகவோ பள்ளி, மருத்துவமனையிலோ வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாரிடம் அனுப்புவது, நமக்கே சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, எப்போது சட்டம் நம் கதவைத் தட்டும் என்பதெல்லாம் எனக்கு எந்த செமஸ்டரிலும் வரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில், பெயர்

‘உளவியல் ஆலோசகர்’ அல்லது ‘மனநல ஆலோசகர்’ என்று போடுங்கள். பக்கத்திலேயே படிப்பைப் போடுங்கள். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எம்.எஸ்ஸி.யை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போடக் கூடாது. மற்ற உளவியலாளர்களும் ஆலோசகர்களும் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் வருகிறார்கள். அதன் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று தொடங்கும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முனைவர் பட்டம் வாங்கியிருந்தால் ‘டாக்டர்’ என்று போடலாம்தான். போட்டால், “டாக்டர், தூக்க மாத்திரை மட்டும் ஒண்ணு எழுதிக் கொடுங்க” என்று கேட்பார்கள். கீழே ‘மருந்து எழுதுவதில்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இலங்கைத் தமிழர்கள் இந்த வேலையை உளவளத்துணை என்கிறார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு.

நோட்டு

நம்மிடம் வருபவர்களை யார் யாரிடம் அனுப்பலாம் என்று எழுதி வைக்க ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். போனில் சேமித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. போனில் பெயரும் எண்ணும்தான் நிற்கும். நமக்கு வேண்டியது மற்ற விவரங்கள்: அந்த டாக்டர் எந்த நாளில் இருப்பார், என்ன ஃபீஸ், குழந்தைகளைப் பார்ப்பாரா, வீட்டாரிடம் பொறுமையாகப் பேசுவாரா, போன முறை அனுப்பியவர் திரும்பி வந்து என்ன சொன்னார்.

முதல் ஆளை உட்கார வைத்துப் பேசும் முன் என்னென்ன பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்? மனநல மருத்துவர் இருவர், ஒருவர் தனியார், ஒருவர் அரசு. பொது மருத்துவர் ஒருவர். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு பார்ப்பவர் ஒருவர். ஒரு வழக்கறிஞர். குடி மீட்பு மையம் ஒன்று. பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகிய மூன்றின் முகவரி. எல்லா இடத்துக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். “மாடியில் மூன்றாவது அறை, மதியம் ரெண்டுக்கு மேல் போங்க” என்று ஒரு பெண்ணிடம் நீங்கள் சொல்லி அனுப்பினால் அவள் போவாள். வெறும் முகவரிச் சீட்டாகக் கொடுத்தால் அது அவள் பர்ஸிலேயே மடிந்து கிடக்கும்.

பொது மருத்துவர் எதற்கு என்று நினைக்க வேண்டாம். எந்நேரமும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, அழுகை என்று வருகிறவருக்குத் தைராய்டு குறைவாக இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதற்கு ஆறு செஷன் பேசிக்கொண்டிருப்பது அவர் காசுக்கும் நம் பெயருக்கும் கேடு.

அரசு மருத்துவமனைப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. திருச்சியில் என்றால் புத்தூர் பெரியாஸ்பத்திரி. மாதாமாதம் மருந்துக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்கள்தான் நம்மிடம் அதிகம் வரும். தனியாரிடம் அனுப்பினால் இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, காசில்லாமல் நிறுத்திவிடுவார்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தள்ளிப் போடுவது இதைத்தான்.

நான் முதலில் போய்ப் பார்த்த டாக்டருக்கு ராத்திரி ஒன்பதரை வரை ஓ.பி. வெளியே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் ஐந்து பேர் பையோடு நின்றார்கள். நானும் பையோடு நின்றேன். அட்டெண்டர் என்னைப் பார்த்து, “நீங்க எந்தக் கம்பெனி மேடம்?” என்றார். கம்பெனி இல்லை என்று விளக்கிப் பார்த்தேன், கடைசியில் அந்த வரிசையிலேயேதான் விட்டார். உள்ளே கிடைத்தது மூன்று நிமிடம். என் பட்டங்களையும் போய் வந்த பயிலரங்குகளையும் அடுக்கினேன். அவர் கார்டை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். அங்கே ஏற்கெனவே பதினைந்து கார்டு கிடந்தது. ஒரு வருடம் ஒரு ஆளும் அனுப்பவில்லை.

இப்போது போனால் மூன்றே விஷயம்தான் சொல்வேன். எந்த மாதிரிப் பிரச்சினைகளை நான் பார்க்கிறேன். எதைப் பார்ப்பதில்லை. மருந்து வேண்டும் என்று தோன்றினால் எவ்வளவு சீக்கிரம் உங்களிடம் அனுப்புவேன். மருத்துவருக்கு நம்மைப் பற்றி இருக்கும் பயமே இதுதான்: மாத்திரை எல்லாம் வேண்டாம், பேசியே சரி பண்ணலாம் என்று ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வோம் என்ற பயம். அது தீர்ந்தால் மற்றது தானாக நடக்கும்.

அந்த டாக்டரோடு பழக்கம் உண்டானது கார்டால் இல்லை, ஒரு கடிதத்தால். ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது, விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

“மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, இவருக்கு வயது 34. கணக்கர் வேலை. ஆறு வாரமாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பசியில்லை, நான்கு கிலோ குறைந்திருக்கிறார். நான் மூன்று முறை பார்த்தேன். போன வாரம் ‘இருந்து என்ன ஆகப் போகிறது’ என்று நினைப்பதாகச் சொன்னார். கேட்டதில், திட்டம் எதுவும் இல்லை என்கிறார். மனைவிக்கும் தெரியும். மருந்து தேவைப்படுமா என்று தாங்கள் பார்க்க வேண்டும். பேச்சு சிகிச்சையை நான் தொடர்கிறேன். இவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.”

அரைப் பக்கம்தான். நோயின் பெயரை நான் எழுதவில்லை, கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதினேன். எத்தனை நாளாக, எவ்வளவு, என்ன ஆபத்து, எனக்கு என்ன தெரிய வேண்டும், அவ்வளவே. கடிதத்தைக் கிளையன்ட் கையில்தான் கொடுக்க வேண்டும். வழியில் பிரித்துப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். படித்தால் அவர் முகம் சுருங்கக் கூடாது. மூன்றாம் நாள் டாக்டரே போன் செய்தார். “கடிதம் எழுதுற கவுன்சிலர் நீங்கதானா?” என்றார். அதற்குப் பிறகு அவரே ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்.

அவர் அனுப்பிய ஆளைப் பார்த்துவிட்டு பதில் எழுதுவதும் முக்கியம். ‘வந்தார், இரண்டு முறை பார்த்தேன், அடுத்து வாரம் ஒருமுறை’ என்று இரண்டு வரி போதும். வரவில்லை என்றாலும் தெரிவியுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை.

அனுப்பும்போது குடும்பத்தார் கேட்பது ஒன்று உண்டு: “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா அனுப்புறீங்க?” சென்னைப் பக்கம் என்றால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். 1794-ல் தொடங்கி இன்று வரை ஏழை எளியவர்களைப் பார்த்துவரும் ஒரு மருத்துவமனையின் பெயர் வசவாகிப் போனது நம் துரதிர்ஷ்டம். அந்த நேரத்தில் பாடம் எடுக்காதீர்கள். “தூக்கம் சரியானால்தான் நாம பேசுறது மனசுல நிக்கும். தூக்கத்துக்காக ஒருத்தரைப் பார்ப்போம். நீங்க என்கிட்ட வர்றதை நிறுத்த வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கைகழுவி விட்டார்கள் என்ற எண்ணத்தோடு போகிறவர் அந்த டாக்டரிடமும் போக மாட்டார்.

ராத்திரிக்கு ஒரு பக்கம்

நோட்டின் முதல் பக்கத்தை, நாம் இல்லாத நேரத்தில் உதவும் எண்களுக்கு ஒதுக்குங்கள். 14416 என்பது டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 104 மாநில அரசின் சுகாதார உதவி எண். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. தற்கொலைத் தடுப்புக்கென்றே சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ இயங்குகிறது. இவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை ஒரு சிறு அட்டையில் அச்சடித்து முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். “ராத்திரி என் போன் அணைந்திருக்கும். அப்போ தாங்க முடியலைன்னா இந்த எண்கள்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். நான் முதல் இரண்டு வருடம் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அதனால் யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் ரத்த அழுத்தம் வந்தது.

சாக நினைப்பதாக ஒருவர் சொன்னால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரைகளோ இருந்தால் அதை இன்றைக்கே வீட்டாரில் ஒருவர் பொறுப்பில் எடுக்கச் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே முயன்றவர் என்றால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து குடும்பமே மறைக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு: அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபித்தாலொழிய அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. இதை ஒரு தகப்பனாரிடம் விளக்கியபோது, “இதை ஆஸ்பத்திரிலயே யாராவது சொல்லியிருக்கலாமே” என்றார்.

எந்த ரகசியத்தைக் காக்க முடியாது?

சொல்வது வெளியே போகாது என்று வாக்குக் கொடுக்கும்போதே, போகும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால். இதை முதல் சந்திப்பில் சொல்லாமல், பிள்ளை வாய் திறந்த பிறகு சொன்னால், அது நம்மை என்றைக்கும் நம்பாது.

போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. குடும்ப மானம், பள்ளியின் பெயர் என்று யார் வந்து கெஞ்சினாலும் இதில் நமக்குத் தனி முடிவு கிடையாது. சிக்கலானது இன்னொன்று. பதினேழு வயதுப் பெண், காதலனோடு நெருக்கமாக இருந்ததைச் சொல்வாள். அவளைப் பொறுத்தவரை அது காதல். சட்டத்துக்கோ பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை. இந்த இடத்தில் தனியாக யோசித்து முடிவெடுக்க வேண்டாம். அதற்குத்தான் நோட்டில் வழக்கறிஞரும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும். அந்த அலுவலரை ஏற்கெனவே நேரில் பார்த்துப் பழகியிருந்தால், அந்தப் பெண்ணை அவரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேசித் திட்டமிட முடியும்.

உங்களைக் கேட்க ஒருவர்

நாம் பார்க்கும் ஆட்களைப் பற்றி மூத்த ஒருவரிடம் தவறாமல் பேசி, நம் வேலையைச் சரிபார்த்துக்கொள்வதுதான் சூப்பர்விஷன். இங்கே பலருக்கு அது ‘டிரெய்னி’ காலத்தோடு முடிகிற சமாச்சாரம். பிரிட்டனின் ஆலோசகர் சங்கமான பி.ஏ.சி.பி., தொழில் செய்யும் உறுப்பினர் ஒவ்வொருவரும் விடாமல் சூப்பர்விஷனில் உட்கார வேண்டும் என்கிறது, இருபது வருட அனுபவஸ்தர் உட்பட. நம்மை இங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நானும் இரண்டு வருடம் போகவில்லை.

ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். கணவருக்குக் குடி. ஐந்தாவது சந்திப்பிலேயே, தனியாக வந்துவிடுங்கள், வேலைக்கு வழி பார்ப்போம் என்கிற அளவுக்கு நான் போய்விட்டேன். வாயால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்வி எல்லாம் அங்கேதான் தள்ளியது. ஆறாவது முறை அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல், எனக்குப் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரைப் பார்க்கப் போனேன். முழுக்கக் கேட்டார், காபியை ஆற்றி என் முன்னால் வைத்தார். “சரி, உங்க வீட்டுல யாரு குடிச்சா?” என்றார். காபி ஆறி ஆடை கட்டும் வரை நான் பேசவில்லை. எங்கள் அப்பா.

அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை அவரிடம் போகிறேன். காசு கொடுத்துத்தான். ஓசியில் கேட்டால் அவசரத்துக்கு மட்டும்தான் போவோம். உங்கள் ஊரில் ஆள் இல்லாவிட்டால் காணொளியில் பேசுங்கள். கூடவே நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடும் சிறு குழு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், வேலை மாற்றித்தான் பேச வேண்டும்.

வாட்ஸாப் குழுக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘பதினாலு வயசுப் பையன், இன்ன பள்ளி, அப்பா வங்கி மேலாளர், கையை வெட்டிக்கொள்கிறான், யாரிடம் அனுப்பலாம்’ என்று இருநூறு பேர் இருக்கும் குழுவில் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ‘பதின்ம வயதினரைப் பார்ப்பவர் யார், தனியாகப் பேசவும்’ என்று கேட்டாலே வேலை முடிந்தது.

வேலை எங்கிருந்து வரும்

பள்ளி, கல்லூரிதான் இப்போது பெரிய வாசல். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கில் தந்த வழிகாட்டுதல்களில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்றது. அதற்குக் குறைவானவை வெளியில் உள்ள நிபுணரோடு முறையாகத் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். கோச்சிங் சென்டர்களும் இதில் அடங்கும். சிறிய நிறுவனங்களிடம் இதைச் சொல்லித்தான் நான் போய்ப் பேசுகிறேன்.

சேரும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது சம்பளம் மட்டும் இல்லை. கதவு மூடும் தனி அறை உண்டா? பதிவேடு யார் பூட்டில்? பிரின்சிபால் கூப்பிட்டு “அந்தப் பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?” என்று கேட்டால் எவ்வளவு சொல்லலாம்? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எனக்குக் கொடுத்த இடம் ஸ்டாஃப் ரூமின் மூலை. அங்கே எந்தப் பிள்ளை அழும்? அதோடு, ஆசிரியர் வராத பீரியடுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரே பருவத்தில் வந்துவிட்டேன்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்கள், குடும்ப நீதிமன்றம், குடி மீட்பு மையங்கள் என்று மற்ற இடங்களும் உண்டு. சம்பளம் குறைவு, அனுபவம் நிறைய. சம்பளமாக இல்லாமல் கட்டணமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தொகை தரும். கணக்குத் தாக்கல் செய்தால், நமக்கு வரி இல்லாத பட்சத்தில் அது திரும்பி வரும்.

குடிப்பவரின் குடும்பம் வந்தால், குடிப்பவருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும் வீட்டாருக்கு அல்-அனான் கூட்டமும் எந்த நாளில், எங்கே என்று எழுதி வைத்திருங்கள். கட்டணம் கிடையாது.

கோயில், தர்கா, தேவாலயத்தையும் நோட்டில் சேர்க்கச் சொன்னால் சில சகாக்கள் சிரிக்கிறார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து ஒரு மண்டலம் தங்கவைப்பது அங்கே வழக்கம். என்னிடம் வரும் குடும்பங்களில் பலர் அங்கே போய்விட்டோ போவதற்கு முன்போதான் வருகிறார்கள். போக வேண்டாம் என்றால் என்னிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். “தாராளமா போங்க, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க, நிறுத்திடாதீங்க” என்பேன். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் இப்படித்தான் கூட்டிவருவார்கள். அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதே ஏர்வாடியில் பின்னாளில் தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பிரார்த்தனையும் நடக்கிறது, மருந்தும் கொடுக்கிறார்கள்.

காசு, கட், கல்யாண வீடு

கட்டணத்தை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். குறைத்துக்கொள்ளும் இடம் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வருகிற எல்லாருக்கும் குறைப்பீர்கள், மாதக் கடைசியில் வாடகைக்குத் தடுமாறுவீர்கள்.

ஆள் அனுப்பினால் ‘கட்’ கேட்கும் இடங்கள் இருக்கின்றன. கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. எனக்கு ஒரு மையம் கவரில் வைத்து அனுப்பியது. திருப்பி அனுப்பிவிட்டு நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டேன். வாங்கியிருந்தால், அடுத்த ஆளை அங்கே அனுப்பும்போது அவருக்காக அனுப்புகிறேனா கவருக்காகவா என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

சின்ன ஊரில் கிளையன்டைக் கல்யாணப் பந்தியில் பார்க்காமல் இருக்க முடியாது. முதல் சந்திப்பிலேயே, “வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசினா பேசுவேன்” என்று சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எதிர்ப் பந்தியில் இருந்த ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, “என் பொண்ணோட டீச்சர்” என்றார். நானும் டீச்சராகவே பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். உறவினர், நண்பரின் மனைவி, வீட்டு ஓனரின் மகன் ஆகியோரை நாமே பார்க்கக் கூடாது. அதற்கும் நோட்டுதான். எந்தச் சகாவிடம் அனுப்பலாம் என்று பார்த்து எண்ணைக் கொடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, நான் பொங்கல் விடுமுறையில், நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எல்லா எண்ணுக்கும் ஒரு போன் போட வேண்டும். அரசு மருத்துவர்கள் மாற்றலாகிப் போயிருப்பார்கள், மையங்கள் மூடியிருக்கும், ஃபீஸ் ஏறியிருக்கும். போன பொங்கலுக்கு ஏழு எண்களை அடித்தேன், நாலு புதிதாகச் சேர்த்தேன். அந்த ஒன்பதரை மணி டாக்டரின் அட்டெண்டர்தான் போனை எடுத்தார். “கம்பெனி மேடம்தானே?” என்றார்.